நித்திரை

தம்பி பைபிளோடு கப்பலேறிய நாளிலிருந்து அவள் அவனைப் ‘பிரசங்கி’ என்றுதான் கூப்பிட்டாள். இஸ்திரி போட்டு அவனை வளர்த்தவள் அவள்தான். ஆலயத்துக்கு அவள் போனதில்லை.

“அங்கயாவது சட்டையைக் கசங்காமப் போடறியா, பிரசங்கி?” என்பாள் போனில்.

“இங்க பாதிப்பேருக்குச் சட்டையே கிடையாதுக்கா. நீ இங்க இஸ்திரிக் கடை போட்டா பட்டினிதான்.”

தகரக்கூரைகள் நெருங்கிய ஏதோ ஒரு குப்பத்தில், அந்த மக்களின் மொழியில் புதிதாக அச்சான வேதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தந்துகொண்டிருந்தான். பிறகு காய்ச்சல் வந்தது. கண்ணை மூடவே முடியவில்லை என்றான் கடைசியாகப் பேசியபோது. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள், அவனை அனுப்பிவைத்த எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்தாள். சைக்கிள் கடைக்கு மேல் இருக்கும் அறை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“எனக்குச் சாமிகிட்ட கேக்கத் தெரியாது. அவனுக்காக நீங்க கேளுங்க” என்றாள்.

போதகரின் போன் அதிர்ந்தது. அங்கே அவனோடு ஊழியம் செய்கிறவர் அனுப்பிய செய்தி. முழுதாகப் பார்க்காமலே, நல்ல சேதியாக இருக்கும் என்ற ஆசையில், போதகர் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். “நம் சகோதரர் இன்று காலை நித்திரையடைந்தார்...”

“அப்பாடா!” என்றாள் அவள். “தூங்கிட்டான்னா தேறிடுவான். சின்ன வயசுலயும் அப்படித்தான்.”

செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி, தெரிந்த மட்டும் அவளே சொன்னாள்: “சாமி, என் புள்ளையைத் தூங்கவெச்சதுக்கு நன்றி.”

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?”

போதகரின் மனைவி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “நாங்க இந்த வார்த்தையை வேற அர்த்தத்துல சொல்லுவோம், அக்கா.”

அவள் செருப்பை மறுபடி கையில் எடுத்தாள்.

“செத்துட்டான்னு சொன்னா உங்க வாய் வெந்துடுமா?” என்றாள்.

உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்து நானும் போதகரும் அவளைப் பார்க்கப் போனோம். ஒரு சட்டையின் காலரை இழுத்துப்பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“அங்க இப்ப யாரு படிச்சுக் காட்டறாங்க?”

“யாருமில்லம்மா. பைபிள் பெட்டி பிரிக்காமலே கிடக்காம். ஒருத்தர் போகணும்னு ஜெபிக்கிறோம்” என்றார் போதகர்.

சட்டையைத் திருப்பிப்போட்டாள்.

“ஜெபம் பண்றப்ப, ஒரு டாக்டரையும் சேர்த்து அனுப்பச்சொல்லிக் கேளுங்க. அந்தச் சனத்துக்கும் காய்ச்சல் வருமில்ல.”

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் இரண்டையும் கேட்கிறோம். இன்னும் யாரும் போகவில்லை.