அளவு தெரியாத இன்ஜெக்டரோடு போடிமெட்டு ஏறினேன்

என் பழைய பெட்ரோல் ஜீப்பில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டர்களும் அவற்றை இயக்கும் ஈசியூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றும் நானே வாங்கிப் பொருத்தினேன். இன்று காலை ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் எட்டுப் பெண்களோடு போடிமெட்டு ஏறினேன்.

ஆறாவது கொண்டை ஊசி வளைவில் கரும்புகை கக்கி வண்டி நின்றுவிட்டது.

ஈசியூ விற்றவருக்குப் போன் போட்டேன்.

"பழைய இன்ஜெக்டரா வாங்குனீங்க? எவ்வளவு பெட்ரோல் பீச்சும்னு ஈசியூவுல சரியாப் போட்டாத்தாண்ணே ஓடும். இன்ஜெக்டர் மேல நம்பர் இருக்கும், பாருங்க."

நம்பர் அழிந்திருந்தது.

"குத்துமதிப்பாப் பெட்ரோலக் குறைக்கவா?" என்றேன்.

"ரொம்பக் குறைஞ்சா ஏத்தத்துல பிஸ்டன் உருகிரும்ணே."

ஈசியூவில் அளவு மாற்றும் லேப்டாப்பை மடியில் வைத்தபடி சாலையோரம் உட்கார்ந்தேன். மூன்று மாத உழைப்பு.

வேலைக்கு வந்தவர்களில் மூத்தவரான பேச்சியக்கா, பின்னால் வந்த ஜீப்பை மறித்து எல்லாரையும் ஏற்றினார். தானும் ஏறும்போது கேட்டார்:

"தம்பி, நாளைக்கும் இந்த வண்டிதானா? இப்பவே சொல்லிரு. நாங்க கோழி கூப்பிடவே நடக்க ஆரம்பிச்சிர்றோம்."

இன்னும் அதே வளைவில்தான் இருக்கிறேன்.

இன்ஜெக்டர் பச்சை நிறம், நுனியில் நான்கு ஓட்டை. அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "அப்பவே கார்புரேட்டர் போதும்னு சொன்னேனே" என்பவர்கள், வண்டியை இழுக்கக் கயிறோடு நேரில் வந்து சொல்லுங்கள்.