அரக்கு வழியாத கார்டு

"வூட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையா சிஸ்டர்?" என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்றாவது கடைக்காரரும் கேட்டபோது என் பொறுமை போய்விட்டது. கம்ப்யூட்டருக்கு வீடியோ கேப்சர் கார்டு வாங்கக் காஞ்சிபுரத்திலிருந்து காலை ரயிலில் வந்திருந்தேன். தோளில் கேமரா, கைப்பையில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டுத் துண்டு.

"வூட்டுல ஆம்பள தறியில இருக்காரு. கார்டு வாங்க வந்தது நான்தான். எடுத்துக் காட்டுங்க" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. நானும் நகரவில்லை.

அந்தக் கடைவரை என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு புடவை. எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கூடத்தில் குழித்தறி. என் கணவர் நெய்வார், நான் கோர்வைக்கு உட்காருவேன். கோர்வை என்றால் புடவையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும், குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் தனித்தனி நாடாவால் நெய்து, இழைக்கு இழை இரண்டையும் கோத்துக்கொண்டே போவது. அதற்கு ஒருவர் கை போதாது. கரைப்பக்கத்து நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும், அது என் கை. ஒழுங்காகக் கோத்த புடவையில் இரண்டு நிறமும் சேருமிடத்தில் ஒரே ஒரு கோடுதான் தெரியும். அந்தக் கோடு பிசிறினால் எங்கள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அதுவரை பட்டும் ஜரிகையும் பெரிய கடை முதலாளி கொடுப்பார். நாங்கள் நெய்து கொடுப்போம், அவர் தன் கடைப் பெயரை ஒட்டி விற்பார். ஊரில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்றில், எங்கள் தெருவுக்கும் பிராட்பேண்ட் வந்த சமயத்தில், முதன்முதலாகச் சொந்தமாகப் பட்டு வாங்கி, சொந்தமாகப் பாவு போட்டோம். மாம்பழ மஞ்சளில் உடல், அரக்குச் சிவப்பில் கரை. செய்தி கேட்ட முதலாளி என் கணவரை வழியில் நிறுத்தி, "போடுப்பா, போடு. முடிச்சிட்டு எங்கிட்டதான் தூக்கிக்கினு வருவ" என்று சிரித்தாராம். வீட்டுக்கு வந்து என் கணவர் இதைச் சொன்னபோது நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

அந்தப் புடவையைக் கேட்டவர் அமெரிக்காவில் இருந்த ஒரு அம்மாள். முந்தின வருடம் கோயில் பார்க்க வந்தவர், வழி தவறி எங்கள் தெருவுக்குள் வந்து, தறிச் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன் நான் கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பெடுத்தவள் என்பதால் என்னிடம் மின்னஞ்சல் முகவரி இருந்தது. அவருக்கு ஒரே ஆச்சரியம். முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு போனவர், மகளின் முகூர்த்தப் புடவைக்காக இப்போது எழுதியிருந்தார். எங்களுக்கு எழுதிய கையோடு அதே முதலாளியின் கடைக்கும் போன் போட்டு விசாரித்திருக்கிறார். "தெரியாத இடத்தில் வாங்கினால் சாயம் போய்விடும் என்கிறார்களே" என்று என்னையே கேட்டார். பிறகு, கம்ப்யூட்டரில் நேரடியாக நெய்து காட்ட முடியுமா, பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அவர் வேண்டாம் என்றால் அந்தப் புடவை முதலாளி கடைக்குத்தான் போக வேண்டும். முதலாளி தன் கடைப் பெயரை ஒட்டி அதே அம்மாளுக்கே விற்றாலும் விற்பார். நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"காட்டுறேன்" என்று எழுதிவிட்டேன். எப்படிக் காட்டுவது என்று அப்புறம்தான் யோசித்தேன்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் பழைய கேமரா ஒன்று கிடைத்தது. கேமராவின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர ஒரு கார்டு வேண்டும். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பாகங்களைப் பூட்டித் தரும் ஆள், "டிவி பாக்குற கார்டு ஒண்ணு இருக்குதுக்கா. மஞ்ச வயரைச் சொருவினா படம் வந்துடும். இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனார். மஞ்சள் வயரைச் சொருகினேன், படம் வந்தது. எனக்கும் அப்போது அதற்கு மேல் என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி. அமெரிக்காவில் அந்த அம்மாளுக்குச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு வேளை. கேமராவைத் தறிக்கு எதிரே நிறுத்திவிட்டு நானும் குழிப்பக்கம் போய் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் நெய்தோம். எழுந்து வந்து பார்த்தால் திரையில் அவர் எழுதியிருந்தார்: "சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கியிருக்கிறதே. கடைக்காரர் சொன்னது சரிதானோ?"

படத்தைப் பார்த்தேன். உண்மைதான். அரக்குக் கரை கோட்டைத் தாண்டி மஞ்சள் உடலுக்குள் வழிந்து நின்றது. என் கணவர் குழியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சாயம் எறங்கிச்சே" என்றார்.

காஞ்சிபுரத்தில் நெசவாளி ஒருவர் தன் புடவையைப் பற்றிச் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். அந்த அம்மாளிடம் அடுத்த ஞாயிறுவரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சவில்லை. "அடுத்த ஞாயிறு மறுபடி பாருங்க" என்று மட்டும் எழுதினேன். சரி, ஒரு தடவை பார்க்கிறேன் என்றார்.

அதற்குள் என் கணவர் கட்டைவிரலை எச்சிலில் தொட்டுக் கரையில் தேய்த்துப் பார்த்துவிட்டார். விரல் சுத்தமாகத்தான் இருந்தது. வேட்டி நுனியை நனைத்துத் தேய்த்தார், அதிலும் ஒன்றும் ஒட்டவில்லை. அப்படியும் மனசு ஆறாமல், மீதியிருந்த அரக்கு நூலை எடுத்துக்கொண்டு சாயக்காரர் வீட்டுக்குச் சண்டைக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தவரின் முகத்தில் கோபம் போய்க் குழப்பம் வந்திருந்தது.

"இன்னாச்சு?" என்றேன்.

"என் கண் எதிர்லியே கொதிக்கிற தண்ணியில போட்டாரு. அரை மணி நேரம். தண்ணி தண்ணியாவே இருக்குது. 'எங்கப்பா எறங்குது, காட்டு'ன்னு என்னையே கேக்குறாரு. நான் இன்னா சொல்றது? தண்ணியில போவல, கம்ப்யூட்டர்ல போவுதுன்னு சொன்னேன். சிரிக்கிறாங்க எல்லாரும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னதில்தான் விஷயம் இருந்தது.

கேமராவை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் எதிரே இருந்த பிள்ளையார் கோயில் சுவரைப் படம் பிடித்தேன். வெள்ளைச் சுண்ணாம்பு, நடுநடுவே செங்காவிப் பட்டை. உள்ளே வந்து மஞ்சள் வயரைச் சொருகிக் கம்ப்யூட்டரில் பார்த்தால் காவிப் பட்டைகள் எல்லாம் சுண்ணாம்புக்குள் வழிந்திருந்தன. எல்லாப் பட்டையும் வலது பக்கமாகவே வழிந்திருந்தது. அதே சுவரைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன், பட்டை பட்டையாகத்தான் இருந்தது. அதே இரண்டு நிறத்தில் மாதிரிக்கு நெய்து வைத்திருந்த பட்டுத் துண்டைக் கேமராமுன் நேராகப் பிடித்தேன், தலைகீழாகப் பிடித்தேன். எப்படிப் பிடித்தாலும் வழிவது திரையின் வலது பக்கம்தான். சாயமென்றால் துணியோடு சேர்ந்து அதுவும் திரும்ப வேண்டாமா? எங்கள் புடவைமேல் குற்றமில்லை. கேமராவிலும் இல்லை. இடையில் இருந்த வயரிலும் கார்டிலும்தான் கோளாறு.

"சாமி செவுத்துக்கும் சாயம் போவுதுங்க, வந்து பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர், "அப்ப சாயக்காரர் கிட்ட நான் போயி மன்னிப்பு கேக்கணுமா?" என்றார். கேட்கத்தான் வேண்டும் என்றேன்.

அப்படித்தான் புதன்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்தேன். முதல் கடையில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைக் காட்டி, லேட்டஸ்ட் என்றார்கள். அதன் முனையிலும் அதே மஞ்சள் ஓட்டை. மஞ்சள் வயர் போகுமிடமெல்லாம் அரக்கு வழியும் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வேண்டாம் என்று நடந்தேன். இரண்டாவது கடையில் கல்யாண வீடியோ மிக்ஸிங்குக்கு வாங்கும் பெரிய கார்டு. தலையில் ஃபேன் எல்லாம் இருந்தது. "சினிமாக்காரங்களே இதத்தான் வாங்கறாங்க மேடம்." மாட்டிக் காட்டுங்கள் என்றேன். டப்பாவைப் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். சேலை வாங்க எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு ஐம்பது புடவை பிரித்துப் போடுகிறோம், ஒரு அட்டை டப்பா பிரிக்க உங்களுக்கு வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். கேட்டதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை.

மூன்றாவது கடைதான் நான் நின்ற கடை. அரை மணி நேரம் நின்றேன். வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் வியாபாரம் கெடுகிறதே என்று, ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த பெரிய கார்டு ஒன்றை மாட்டி, என் கேமராவின் மஞ்சள் வயரைச் சொருகினார். பட்டுத் துண்டை மேசைமேல் விரித்தேன்.

"பாத்தீங்களா மேடம், படம் சூப்பரா இருக்குது."

"வழியுது."

"இன்னா வழியுது?"

"அரக்கு."

அவர் திரையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "சிவப்புதானே? சிவப்பாத்தானே இருக்குது?" என்றார். பாவம், அவர் கண்ணுக்குச் சிவப்பு ஒன்றுதான். கோடு எங்கே முடிய வேண்டும், எங்கே முடிந்திருக்கிறது என்று நகத்தால் திரையில் தொட்டுக் காட்டினேன். ஒரு தடவை பார்த்த பிறகு அவரால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கேமராவின் பக்கவாட்டில் மூடி போட்ட ஒரு குட்டி ஓட்டை இருந்தது. வாங்கிய நாள் முதல் நான் அதைத் தொட்டதில்லை. "இதுக்கு இன்னா வயர்?" என்று கேட்டேன்.

"அது ஃபயர்வயர். டேப்ல எடுத்தத கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு. லைவுக்கு ஆவாது."

"போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல. ஆனா ஆவாது."

"அப்ப போட்டுப் பாருங்க."

ஃபயர்வயர் கார்டை ஒரு மூலையில் பிளாஸ்டிக் உறையோடு போட்டு வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும், ஃபேனும் இல்லை ஒன்றும் இல்லை. விற்றால் அவருக்கு டீச் செலவுக்குத்தான் ஆகும், அதனால்தான் முதலில் காட்டவே இல்லை. மாட்டினார், மெல்லிய வயரைச் சொருகினார். நேரடி ஒளிபரப்புக்கான மென்பொருளைத் திறந்ததும் பட்டியலில் என் கேமரா தானாக வந்து நின்றது. அரக்கு அரக்காக நின்றது, மஞ்சள் மஞ்சளாக நின்றது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் கொஞ்சம் மங்கல் இருந்தது, ஆனால் கோடு கோடாகவே இருந்தது. மஞ்சள் வயர் எல்லா நிறத்தையும் ஒன்றாகத் திணித்து அனுப்புகிறது, கார்டு அதை மறுபடி பிரிக்கிறபோது சிவப்பு மட்டும் அடங்காமல் வழிகிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. கோடு தெரிந்தது, வாங்கிக்கொண்டேன்.

"நீங்க வீடியோ லைனா மேடம்?" என்று பில் போடும்போது கேட்டார்.

"இல்ல. தறி" என்றேன்.

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தபோது கேமரா ஐந்து நிமிடத்துக்கொரு தரம் அணைந்து அணைந்து உயிரை வாங்கியது. உள்ளே கேசட் இருந்தால் பதிவு செய்யாமல் சும்மா நிற்கும் கேமரா தானே தூங்கிவிடுமாம். கேசட்டை வெளியே எடுத்தேன். அதன்பின் அணையவில்லை.

ஞாயிறு ஏழு மணிக்கு மறுபடி குழிப்பக்கம் உட்கார்ந்தோம். இணையத்தில் போன படம் தீப்பெட்டி அளவுதான், அதுவும் விட்டுவிட்டுத்தான் ஓடியது. நாடா இந்தப் பக்கம் மறைந்து அந்தப் பக்கம் முளைக்கும், நடுவில் போனதே தெரியாது. ஆனால் கோர்வைக் கோடு அசையாமல் நின்றது. இருபது நிமிடம் நெய்துவிட்டு எழுந்து போய்ப் படித்தேன்.

"இப்போது நன்றாகத் தெரிகிறது. போன வாரம் சந்தேகப்பட்டதற்கு மன்னிக்க வேண்டும். நம்புகிறேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது என்ன அழுகையோ, கோபத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அதற்குள் அடுத்த வரி வந்தது.

"ஒன்று செய்யுங்கள். புடவை தறியிலிருந்து இறங்கும்வரை தினமும் கேமராவை ஓடவிடுங்கள். நான் நினைத்தபோது வந்து பார்த்துக்கொள்வேன். நடுவில் மாற்றிவிட்டீர்களோ என்ற எண்ணம் எனக்கு வராமல் இருக்கும்."

இரண்டு தடவை படித்தேன். என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். "பாத்துட்டுப் போவட்டுமேம்மா, நமக்கு இன்னா?" என்றார் அவர். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. காலையில் அவர் மேல்சட்டை இல்லாமல் தறியில் இருப்பார், நான் புடவையைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு கூடத்தில் நடப்பேன், சண்டை போடுவோம், சாப்பிடுவோம். அது எங்கள் வீடு. நெசவைக் காட்டத்தான் அந்தக் கார்டை அலைந்து வாங்கினேன், எங்களுக்குக் காவல் போட இல்லை. நம்புகிறேன் என்று எழுதிய கையாலேயே அடுத்த வரியையும் எழுத அந்த அம்மாளுக்கு எப்படி மனசு வந்தது?

கேமராவிலிருந்து வயரைப் பிடுங்கினேன். திரை கறுப்பானது. பிறகு தட்டினேன்: "தினமும் கேமரா இருக்காது. புடவை இருக்கும். வேணும்னா சொல்லுங்க."

பதில் இல்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. என் கணவர் நாடாவை எறியும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகம் இருந்தது. மூன்றாம் நாள், "மொதலாளி கிட்டதான் போவணும் போல" என்றார். போனால் நீங்கள் மட்டும் போங்கள், நான் இதை ஆயுசுக்கும் பீரோவில் வைத்துக்கொள்வேன் என்றேன். ஆனால் இரண்டு பேரும் நெய்வதை நிறுத்தவில்லை.

முந்தானையை நெய்துகொண்டிருந்தபோது பதில் வந்தது. இரண்டே வரி. "கேமரா வேண்டாம். புடவையை அனுப்புங்கள், எந்தக் கடைப் பெயரையும் ஒட்டி அனுப்ப வேண்டாம்."

அதைப் படித்துக் காட்டியதும் என் கணவர் தறியை விட்டு எழுந்து, வெளியே போய், தெருவில் சும்மா நின்றுவிட்டு வந்தார். நான் உட்கார்ந்து பதில் எழுதினேன். அனுப்புகிறோம் என்று எழுதிவிட்டு, அடியில் ஒன்று சேர்த்தேன்: "உங்க பொண்ணு கட்டினதும் எங்களுக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. நாங்களும் பாக்கணும். தினமும் வேணாம், ஒண்ணு போதும்."

அனுப்பினார்.