அத்தை பார்த்த படம்

எங்கள் நைனா சினிமாவுக்கு அழைத்துப் போகிறார் என்றால் வீட்டில் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாத வயது. எட்டு வயதுக்காரிக்கு உத்திரமேரூர் தியேட்டரில் மேட்டினி என்றால் போதாதா? எண்ணெய் வழியத் தலை வாரி, பவுடரை அப்பிக்கொண்டு, மானாம்பதி பஸ்ஸுக்கு எல்லோருக்கும் முன்னால் நான்தான் ரோட்டில் நின்றேன்.

காரியம் இதுதான். நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, ஆடிக்கு வந்தவள் சித்திரை பிறந்தும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்குள் அவள் மனசைக் கொஞ்சம் குளிரவைத்து அனுப்பிவிடலாம் என்பது நைனாவின் கணக்கு.

படமும் அத்தைக்கென்றே எடுத்ததுதான். ஏழு தலைப் பாம்பு ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகிற கதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அத்தை சொல்லித்தான் தெரியும். அவள் சொல்லும் ராஜகுமாரி கெட்டிக்காரி. பாம்புக்கே கதை சொல்லி ஒவ்வொரு தலையாகத் தூங்கவைப்பாள். ஏழாவது தலையும் கண்ணை மூடியதும் குகையை விட்டு நடந்தே வீடு வந்து சேருவாள். அந்தக் கதையைத்தான் கிராபிக்ஸில் எடுத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

கிராபிக்ஸுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அருவி கீழிருந்து மேலே பாய்ந்தது. கண்ணாடி மாளிகை நடுவானத்தில் சுற்றியது. பாம்பின் ஏழு வாயிலும் ஏழு நிறத்தில் நெருப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ராஜகுமாரிதான், பாவம், நகையும் நட்டுமாக ஊஞ்சலில் உட்கார்ந்து அழுதாள். பாட்டு வந்தால் எழுந்து ஆடினாள், முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து அழுதாள். கடைசியில் ராஜகுமாரன் கழுகின் மேல் வந்து எல்லாத் தலையையும் வெட்டிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு பறந்தான். தியேட்டரே விசிலடித்தது. அத்தை மட்டும் விளக்கு போடுவதற்கு முன்னாலேயே எழுந்து வெளியே நடந்தாள்.

பஸ்ஸில் நைனா மெல்ல ஆரம்பித்தார். "பாத்தியாம்மா? எத்தினி கஷ்டம் வந்தும் அந்தப் பொண்ணு வாயத் தொறக்கல. பொறுமையா இருந்துச்சி, கடசீல நல்லது நடந்துச்சி."

"அவ பேசறதுக்கு ஒண்ணுமே எழுதிக் குடுக்கலண்ணா. அவ இன்னா பண்ணுவா" என்றாள் அத்தை. நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் எங்கள் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கினார்கள். வேப்பமர நிழலில் வட்டமாக உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள், படத்தின் கதையைச் சொல்லும்படி அத்தையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஈர மண் வாசனையும் பச்சைக் கடலையின் பாலும் இன்னும் நாக்கிலேயே இருக்கின்றன. அத்தை அருவியைச் சொன்னாள், மாளிகையைச் சொன்னாள், ஒன்று விடாமல் சொன்னாள். அப்புறம் பாம்பு மத்தியானச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்தது. குழம்பில் உப்பு இல்லையென்று தட்டைத் தூக்கி ராஜகுமாரியின் முகத்தில் அடித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்யி! பாம்பு சோறே துன்னல. நானும்தான பாத்தேன்!" என்று கத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. கடலை ஆயும் கைகள் நின்றுபோயிருந்தன. அவர்களில் வயதில் மூத்தவள் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். "நீ சும்மா இரு கண்ணு. அவ சொல்லட்டும்."

அத்தை தலை நிமிராமல் சொல்லிக்கொண்டே போனாள். பாம்பு கதவைத் தாழ்ப்பாள் போட்டது. இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவியது. பாம்புக்கு ஏது இடுப்பு என்று கேட்க வாயெடுத்தேன்; மண் ஒட்டிய கை என் வாயைப் பொத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அவர் வீட்டாரும் காரில் வந்தார்கள். எனக்கு மாமா பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். அவரை எனக்குப் பிடிக்கும். அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் கடலை ஆய்ந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். என்ன விஷயம் என்று நைனா கேட்டதற்கு, "சும்மாதான் வந்தோம், நீங்க பேசுங்க" என்றார்கள்.

அத்தை உள்ளேயிருந்து வந்து, "நான் வரல" என்றாள். மாமா எழுந்து அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். வாசலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நைனா அவர்களைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், அப்புறம் தங்கையைப் பார்த்தார். போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். கார் அத்தை இல்லாமலே திரும்பிப் போனது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் அத்தையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். நைனா கூட்டிக்கொண்டு போன படம் அவளுக்குப் பிடிக்கவில்லை, அந்தக் கோபத்தில்தான் மாமாவோடு போகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். ராஜகுமாரிக்கு ரெண்டு வசனம் பேசக் கொடுத்திருந்தால் அத்தை சிரித்துக்கொண்டே காரில் ஏறியிருப்பாள் என்று உண்மையாகவே நம்பினேன்.