தேட வேண்டாம் என்றவளின் பெயர்

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். பெரியவள் வீட்டை விட்டுப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் பட்டம் மட்டும் போகவில்லை. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவள் சின்னவள்தான். அலுவலகத்தில் அவளுக்கு வேறு பெயர். அங்கே அவள் 'தேடல் அக்கா'.

அவள் பார்த்த வேலையை அம்மாவுக்கு விளக்கிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். 'கிளவுட்' என்றால் மேகம் என்று யாரோ சொல்லிவைத்ததில், அம்மா ஜன்னல் வழியாக வானத்தை அண்ணாந்து பார்ப்பாள். மேகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்கோ ஒரு ஜன்னலில்லாத கட்டடம், உள்ளே அடுக்கடுக்காகக் கணினிகள், ஓயாத மின்விசிறி இரைச்சல். சொந்தமாக இதையெல்லாம் கட்டி மேய்க்க முடியாத கம்பெனிகள் தங்கள் விவரங்களை அங்கே கொண்டுவந்து வைக்கின்றன. பல் மருத்துவமனை, டயர் கடை, டியூஷன் சென்டர் எல்லாம் ஒரே கிடங்கில். அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி, சுவர் பொது, கதவு தனி.

கிடங்கில் கிடப்பதைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க ஓர் அட்டவணை வேண்டும். தடித்த பாடப் புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அதே வேலைதான். எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து ஒரே அட்டவணை. டயர் கடைக்காரர் எதையோ தேடப்போய்ப் பல் மருத்துவரின் நோயாளிகள் வரிசையாக வந்து நின்றால் கதை கந்தல். அதனால் ஒவ்வொரு தேடலோடும் 'இந்தக் கம்பெனிக்கு உரியது மட்டும்' என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே போகும். அதுதான் பூட்டு. அந்தப் பூட்டை எழுதியவள் சின்னவள்.

இதை ஒருநாள் அம்மாவிடம் சொன்னது தப்பாகப் போய்விட்டது.

"அத்தனை பேர் விவரமும் உன் கைக்குள்ள இருக்குன்றே. அவளை மட்டும் ஒரு தடவை தேடிப் பாக்கக் கூடாதாடி?"

"அது திருட்டும்மா."

"கூடப் பொறந்தவளைத் தேடுறது திருட்டா?"

சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

பெரியவள் இரண்டு முறை வீட்டை விட்டுப் போனாள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். அப்பா கூடாது என்றார். முதல் முறை போனபோது அம்மா அவளுடைய தோழிகள் ஒருத்தி விடாமல் போன் போட்டு, இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா போய், தெருவே வேடிக்கை பார்க்க, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லும் மனுஷன் அவர். சொந்த மகளிடம் மட்டும் அந்த நியாயம் செல்லுபடியாகவில்லை. இரண்டாம் முறை போனவள் ஒரே ஒரு தடவை போன் செய்தாள். "என்னைத் தேடாதீங்க. தேடினா இன்னும் தூரமாப் போவேன்." போனை எடுத்தவள் சின்னவள்.

அதற்கப்புறம் அவளுக்குள் ஏதோ மரத்துப் போயிற்று. அப்பா இறந்தபோது அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். 'கல்லு மாதிரி நிக்கிறா பாரு' என்று உறவுக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை என்றே அவளுக்கும் பட்டது. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். அவ்வளவுதான்.

தேடல் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அட்டவணை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஆளுக்கொரு சோதனைச் சொல் வைத்திருப்பார்கள். எதிர் மேஜைக்காரர் எப்போதும் 'உருளைக்கிழங்கு' என்று தட்டுவார். இருப்பதைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, இல்லாததை இல்லை என்றும் சொல்ல வேண்டும். அதற்கு எங்குமே இல்லாத ஒரு சொல் தேவை. சின்னவள் பெரியவளின் பெயரைத் தட்டுவாள். இரண்டு பக்கத்துப் பாட்டிகளையும் திருப்திப்படுத்த, இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி அப்பா வைத்த பெயர் அது. வேறு யாருக்கும் அப்படியொரு பெயர் இருக்க வழியே இல்லை. சோதனைக்கான விவரங்கள் எல்லாம் பொய்யாகச் செய்தவை. அதனால் பதில் எப்போதும் ஒன்றுதான்: முடிவுகள் எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் அவள் அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். அக்காவின் பெயரை ஏன் தட்டுகிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

பழைய அட்டவணையை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலை நடந்துகொண்டிருந்த சமயம். இரண்டும் ஒரே பதிலைத் தருகின்றனவா என்று ஒப்பிட, பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தேடுவார்கள். பொய் விவரங்களின் மேல்தான் என்பதால் பயமில்லை. நிஜ விவரங்களுக்குப் போகும் திரைக்குச் சிவப்பு விளிம்பு போட்டுவைப்பது எல்லோருக்கும் வழக்கம். அன்று காலை சின்னவளுக்குப் புதுக் கணினி கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவள், விளிம்பு போட மறந்துவிட்டாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரைகள், ஒன்று பொய் விவரங்களுக்கு, மற்றது நிஜத்துக்கு; இரண்டும் கறுப்பு. அவள் வழக்கம்போல் பெயரைத் தட்டினாள்.

ஒரு முடிவு வந்தது. பூட்டில்லாத தேடலை நிஜ விவரங்களின் திரையில் தட்டியிருந்தாள்.

வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பதிவு. பெரியவளின் முழுப் பெயர். அதன் கீழே தெரு, கதவு எண், போன் நம்பர். முந்தைய நாள் கொடுத்த புகார்: 'வாஷிங் மெஷின் கதவு பூட்டவில்லை. இரண்டு பிள்ளைகளின் துணி தேங்கிக் கிடக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் ஆள் அனுப்பவும்.'

சின்னவள் திரையை மூடினாள். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டீ ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமா என்றால் இல்லை. துக்கமா என்றால் அதுவும் இல்லை. கால் மரத்துப் போனால் தரையில் ஊன்றியும் ஊன்றாத மாதிரி இருக்குமே, மனசு அந்த நிலையில் இருந்தது.

சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சோதனையோடு சோதனையாகப் போய்விடும். தெருவின் பெயர் கண்ணில் பட்டாயிற்று; ஒரு விடுமுறை நாளில் போய்க் கதவைத் தட்டலாம். சொன்னால் கதை வேறு. இப்படித் தவறுதலாக யாருடைய விவரத்தையாவது பார்த்துவிட்டால், அந்த ஆளுக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்பது அங்கே விதி. எந்தச் சொல்லைத் தேடியபோது வெளிவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சேவை தரும் கம்பெனியில் யாரோ உங்கள் முழுப் பெயரைத் தட்டித் தேடினார்கள் என்று பெரியவளுக்குச் சேதி போகும். அந்தப் பெயரைத் தேட வீட்டாரைத் தவிர வேறு ஆள் இல்லை; யாரென்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேடினால் இன்னும் தூரம் போவேன் என்றவள் அவள். சொன்னதைச் செய்கிற ரகம்.

சின்னவள் குழுத் தலைவரின் அறைக்குப் போனாள். எதைச் சொன்னாலும் 'அப்புறம்?' என்று கேட்பார் என்பதால் அவருக்கு 'அப்புறம்' என்றே பட்டப்பெயர். விளிம்பு போடாதது, பூட்டு கழன்றிருந்தது, ஒரு பதிவு வெளியே வந்தது என எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"அப்புறம்?"

"படிச்சிட்டேன் சார். அட்ரஸ் உட்பட."

"தெரிஞ்சவங்களா?"

"எங்க அக்கா. ஓடிப் போனவங்க. தேடாதேன்னு சொல்லிட்டுப் போனவங்க."

'அப்புறம்?' என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஜாடியிலிருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சேதி போயிற்று. பழுதுபார்க்கும் கம்பெனி மூலமாகப் பதிலும் வந்தது. என் விவரம் ஒன்றுகூட உங்களிடம் இருக்கக் கூடாது, அடியோடு அழித்துவிடுங்கள் என்று கேட்டிருந்தாள் பெரியவள். காரணம் எழுத விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. திட்டியாவது எழுதியிருக்கலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

அழிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பதிவை எடுத்துவிட்டாலும் அட்டவணையில் அந்தச் சொல் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அட்டவணையைத் திரும்ப எழுதினால்தான் வேரோடு போகும்.

"வேற யாரையாவது செய்யச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார் 'அப்புறம்' சார்.

"வேண்டாம் சார். பூட்டை எழுதினது நான். நானே செஞ்சிடுறேன்."

செய்தாள். அழிந்ததா என்று சரிபார்க்காமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. அவர் பின்னால் நின்று பார்க்க, அனுமதியோடு, சிவப்பு விளிம்பு போட்ட திரையில் பெரியவளின் பெயரைத் தட்டினாள். முடிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது. எத்தனையோ முறை பார்த்த வரி. இந்த முறை அதை அவளே செய்து வைத்திருந்தாள். "சரியா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அம்மா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள்.

"அம்மா, அவ இருக்கா. நல்லாத்தான் இருக்கா போலிருக்கு. ரெண்டு பிள்ளைங்க."

அம்மாவின் கை நின்றது. சின்னவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்: கைதவறித் தேடியது, வாஷிங் மெஷின் கெட்டுப் போனது, பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது, கடைசியில் எல்லாவற்றையும் தன் கையாலேயே அழித்தது. அடுத்த கேள்வி 'எங்கேடி?' என்றுதான் வரும் என்று தெரியும். செத்தாலும் சொல்வதில்லை என்ற முடிவோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அதைக் கேட்கவில்லை. மடித்த துணியை அவிழ்த்து, திரும்ப மடித்து, திரும்ப அவிழ்த்தாள்.

"மெஷினைச் சரி பண்ணிக் குடுத்தாங்களாடி?"

சின்னவள் வாயைத் திறந்தாள். ஆள் போனானா, வேலை முடிந்ததா என்று அந்தப் பதிவிலேயே இருந்திருக்கும். அழிக்குமுன் கீழே ஒரு வரி தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. இனி பார்க்க அது எங்கேயும் இல்லை.

"தெரியலைம்மா," என்றாள். குரல் உடைந்தது.

"ரெண்டு பிள்ளைங்க துணியையும் கையாலயா துவைக்கிறாளோ என்னவோ," என்றாள் அம்மா.