ஆட்டிவிட்ட வாட்ச்

அன்றைக்குப் பந்தலுக்குள், குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அவன் உடம்பைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர். அவன் மனைவி, அவன் தம்பி, அவன் மாமியார், சடங்கு செய்ய வந்த பெரியவர், அப்புறம் நான். மற்ற ஜனமெல்லாம் வெளியே நாற்காலியில் இருந்தது. இதைச் சரியாகச் சொல்லியாக வேண்டும். நான் செய்த காரியத்தை யார் யார் பார்த்திருக்க முடியும் என்று ஒன்றரை வருஷமாக எண்ணி எண்ணிப் பார்க்கிறவன் நான்.

செத்தவன் என் சிநேகிதன். மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் நான் எடை போடுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டுத் தராசுக்கு வந்தது, இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன். அவன் அதே மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஓசூருக்கு மினி லாரி ஓட்டினவன்.

எனக்குக் கைக்கடிகாரம் ஒரு கிறுக்கு. விலை உசந்ததெல்லாம் கிடையாது. மூவாயிரம், ஐயாயிரம், மிஞ்சிப் போனால் எட்டாயிரம். ஆட்டோமேட்டிக் மட்டும்தான் வாங்குவேன். பேட்டரி வாட்ச் என்றால் எந்த நேரம் நிற்குமோ என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இருப்பேன். என் புத்தி அப்படி. ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பயம் இல்லை. உள்ளே அரை நிலா மாதிரி ஒரு தகடு இருக்கும். கை அசைந்தால் அது சுற்றும், அது சுற்றினால் வாட்ச் ஓடும். கழற்றி வைத்தாலும், நல்லா ஏறியிருந்தால் நாற்பது மணி நேரம் தாங்கும். பீரோவில் ஆறு வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை ஆட்டி, மணி சரிபண்ணிவிட்டுத்தான் பல் விளக்கப் போவேன்.

"இருக்கறது ஒரு கை, அதுக்கு ஆறு வாட்ச்சு. இதுல தாலாட்டு வேற. பெத்த புள்ளைய ஒரு நாளாச்சும் இப்படி ஆட்டியிருப்பீங்களா?" என்பாள் என் வீட்டுக்காரி.

அவனும் கிண்டல் பண்ணினவன்தான். "செல்லுலயே மணி தெரியுது மச்சான், கையில எதுக்கு தண்டத்துக்கு பாரம்?" என்பான். ஒரு நாள் டீக்கடையில் என் வாட்ச்சைத் திருப்பி, பின்பக்கக் கண்ணாடி வழியாக அந்தத் தகடு சுற்றுவதைப் பார்த்துவிட்டான். அதோடு சரி. "நான் ஸ்டேரிங் புடிச்சிட்டே இருக்கறவன். என் கையில இது நிக்கவே நிக்காதில்ல?" என்று பத்துத் தடவை கேட்டான். நீல முகப்பு வைத்த ஒன்றை ஐயாயிரத்துக்குக் கொடுத்தேன். இரண்டாயிரம் கையில் தந்தான். மீதி மாசம் ஐந்நூறு என்று பேச்சு.

முதல் ஐந்நூறு வருவதற்குள் ஓசூர் மார்க்கெட்டில் லோடு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ், கையெழுத்து எல்லாம் முடிந்து உடம்பு வீடு வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரில் பர்ஸ், வண்டிச் சாவி, வாட்ச்.

அவன் மனைவி கவரிலிருந்து வாட்ச்சை எடுத்தாள். "இத அவரு கையிலயே கட்டி வுட்டுடலாங்க."

"ஐயாயிரம் ரூபா வாட்ச்சு அண்ணி. மண்ணுக்குள்ளயா?" என்றான் தம்பி.

"தனக்குன்னு ஆசப்பட்டு அவரு வாங்குனது இது ஒண்ணுதான். போகட்டும்."

அவன் மாமியார்தான் குறுக்கே வந்தது. "காசு குடுத்து முடிச்சாச்சா அதுக்கு? கடன் பொருளக் கூட வெச்சு அனுப்புனா ஆளு போகமாட்டாரு பாத்துக்க. இங்கயேதான் சுத்துவாரு."

அவர்கள் வீட்டு வழக்கம் அது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் மனைவி வாட்ச்சை விடாமல் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "முடிஞ்சுது ஆத்தா. பைசா பாக்கி இல்ல" என்றேன்.

வாட்ச்சை என் கையில் கொடுத்தாள். முள் நின்றிருந்தது. அப்போதுதான் அது நடந்தது. என் கை அது பாட்டுக்கு வாட்ச்சைப் பத்துத் தடவை ஆட்டியது. பக்கவாட்டுத் திருகை இழுத்து, என் வாட்ச்சைப் பார்த்து மணி வைத்தது. மூன்று ஐம்பது. அவன் கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைத் தளர்த்தி, மணிக்கட்டில் மாட்டி, வார் பூட்டினேன். பிறகுதான் பார்க்கிறேன், அந்தச் சில்லிட்ட கையில் நொடி முள் குடுகுடுவென்று போய்க்கொண்டிருக்கிறது.

கழற்றியிருக்கலாம். ஆனால் "நேரமாவுது, தூக்குங்க" என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

ஏரிக்கரை இடுகாடு ஒரு மைல். மேளக்காரர்கள் முன்னால் அடிக்க, தூக்கினவர்கள் ஆட்டத்தோடு போனார்கள். பாடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. பின்னால் நடந்த எனக்கு ஒரே நினைப்பு: ஏறுகிறது, உள்ளே அந்தத் தகடு சுற்றிச் சுற்றி ஏறுகிறது. மண் தள்ளும்போது என் பிடி மண்ணையும் போட்டேன். அது விழுந்த சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் பால் ஊற்றப் போனோம். மணி ஏழரை. புதைத்து நாற்பது மணி நேரம் ஆகியிருக்கவில்லை. பாலை ஊற்றிவிட்டு அவள் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள். "வாட்ச்சு நின்னுதானங்கண்ணா இருந்துச்சு, கட்டறப்ப?"

"நின்னுதாம்மா இருந்துச்சு" என்றேன். இரண்டாவது பொய்.

அதற்கப்புறம் நான் என் வாட்ச்சுகளை ஆட்டுவதை விட்டுவிட்டேன். அவனுக்குக் கொடுத்தது போக மிச்சம் ஐந்தும் வேறு வேறு மணியில் நின்று கிடக்கின்றன. அது போதவில்லை. நாற்பது மணி நேரம் தாண்டினால் நிற்கும், அது மிஷின், தெரியும். ஆனால் அந்தக் காட்டை ஒட்டித்தான் ஓசூர் ரோடு போகிறது. லோடு லாரி போனால் மண் அதிரும். அதிர்ந்தால் தகடு கொஞ்சம் நகராதா? நகர்ந்தால் முள் ஒரு துளி போகாதா? யாரிடம் போய்க் கேட்பது இதை? அந்த வழியாகப் போக வேண்டி வந்தால் பைக் இன்ஜினை அணைத்துவிட்டு, காலை அழுத்தாமல் தள்ளிக்கொண்டு போகிறேன்.

நாலு மாசம் கழித்து மினி லாரியை விற்பதற்குச் சுத்தம் பண்ணும்போது அவன் நோட்டு அவளுக்குக் கிடைத்திருக்கிறது. டீசல், சுங்கம், கூலி, நடுவில் என் வாட்ச் பாக்கி மூவாயிரம். நேரே மண்டிக்கு வந்தாள். ஐந்நூறு ரூபாய்த் தாளைத் தராசுத் தட்டில் வைத்தாள்.

"ஏங்கண்ணா பொய் சொன்னீங்க? கடனோட அனுப்பிட்டனே அவர."

"எனக்கு வேணாம்மா. வுட்டுடும்மா."

"நீங்க வுட்டா ஆச்சா? அவரு போகணுமில்ல. மாசம் ஐந்நூறு தாரேன். போனுல எல்லாம் அனுப்பமாட்டேன், கையிலதான் குடுப்பேன்."

அப்படியே தந்தாள். அவள் தோட்டத்துத் தக்காளி விலை கிலோ ஐந்துக்கு விழுந்த மாசத்திலும் தந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாள் என் பையில் கனத்தது. ஐந்தாவது தடவை தாங்க முடியவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் நின்றே சொல்லிவிட்டேன். ஆட்டினதை, மணி வைத்ததை, ஓட ஓடக் கட்டினதை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப மண்ணு தள்றப்ப ஓடிட்டுதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"பால் ஊத்தறப்ப?"

"தெரியலம்மா. ஓடியிருக்கலாம்."

"கை அசைஞ்சாதான ஓடும்னு சொல்வாரு."

"தூக்கிட்டுப் போறப்ப ஆடுச்சில்ல, அதும்மா. வேற ஒண்ணுமில்ல. இந்நேரம் எப்பவோ நின்னிருக்கும்" என்று சொன்னேன், சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கேட்டமாதிரி தெரியவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கடைசி ஐந்நூறு இருக்கட்டுங்கண்ணா."

"அத வுட்டுடறேன்னுதானம்மா சொல்றேன்."

"ஐயோ, அப்படி வாயால சொல்லிடாதீங்க" என்றாள். "பாக்கி பாக்கியாவே இருக்கட்டும். இப்பத்திக்கு அவரு போக வேணாம்."

அது ஆகி ஒன்பது மாசம். வாரத்துக்கு இரண்டு தடவை கத்திரிக்காய் கொண்டுவருகிறாள், நான் எடை போடுகிறேன். பணம் என் கண் முன்னால்தான் அவள் கைக்குப் போகிறது. தா என்று கேட்கவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். இன்னும் பாக்கி ஐந்நூறு ரூபாய்.