பெட்டிக்கு ஒரு பஸ்கி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தினமும் காலையில் ஒருவரைப் பார்ப்பேன். துறைமுகத்தில் வேலை. சைக்கிளுக்கு முன்னால் தொப்பைதான் வரும். நான் மீன்கூடையோடு நிற்பேன்; கூடையில் நல்ல வஞ்சிரம் இருக்கும், சரி, அதை விடுங்கள். கேட் மூடியதும் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து பஸ்கி எடுப்பார். கூட்ஸ் வண்டியின் ஒரு பெட்டிக்கு ஒன்று.

"இன்னா நைனா இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"சுகரு ஏறிப்போச்சு ஆயா. எக்சர்சைஸ் பண்லன்னா தெனம் ஊசிதான்னு டாக்டர் சொல்ட்டாரு. எனக்கு ஏது டைமு? கேட்டு போட்டாதான் உண்டு."

ஒருநாள் நிலக்கரி வண்டி வந்தது, வந்துகொண்டே இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மீதிப் பெட்டிகளை எண்ண மட்டும் செய்தார். கேட் திறந்தது.

"யோவ், வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"எய்ந்துரு நைனா, வண்டி பூட்ச்சு" என்றேன்.

"இன்னும் பதினாறு பொட்டி பாக்கி கீது ஆயா."

"அதான் பூட்ச்சே!"

"அது போவும். அதுக்கு இன்னா, சுகரா கீது?"

எனக்கு ஒரே சிரிப்பு. எழுத்து தெரியாவிட்டால் என்ன, மீன் விற்கிறவளுக்கு எண்ணத் தெரியாதா? கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அவர் பஸ்கி எடுக்க, நானே சத்தமாக எண்ணினேன். அவர் மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பதினாலிலேயே, "பதினாறு! கெளம்பு" என்றேன்.

"ஆயா, உனுக்கு எண்ணத் தெரில" என்று சொல்லி, இன்னும் இரண்டு எடுத்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார்.