செல்வி வீட்டுப் பதினாறு செவந்தித் தொட்டி

இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். செவந்தி விஷயத்தில் என் வாக்கு தப்பியதே கிடையாது.

இன்று மன்னவனூர் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து பக்கத்து வீட்டுச் செல்வி திரும்பினாள். "அண்ணே, நீங்க சொன்னபடி பதினாறு தொட்டியிலயும் மொட்டு எல்லாத்தையும் கிள்ளிட்டேன். மக நிச்சயத்துக்குள்ள பூத்துருமா?"

"வாசலே தெரியாமப் பூக்கும் தாயி!" என்றேன், டிரைவருக்கும் கேட்கும்படி.

பூம்பாறையில் பூச்செடி நர்சரி வைத்திருக்கும் அக்கா ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். விவரம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "அடி கிறுக்கி! செடி சின்னதாக் கெடக்கையிலதான் நுனியக் கிள்ளணும். மொட்டக் கிள்ளுனா இந்தத் தடவ பூவுக்கு எங்க போவ? எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்?"

செல்வியின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை.

"யாரோ சொன்னாங்கக்கா."

கொடைக்கானல் வரை நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

நிச்சயம் வரும் வெள்ளிக்கிழமை. பூத்த செவந்தித் தொட்டி யாரிடம் இருந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து தூக்கிக்கொள்கிறேன். என்னை வைய நினைப்பவர்களும் கீழே கமெண்டில் வையலாம்.

பூக் கண்காட்சியில் செவந்திக்கு முதல் பரிசு வாங்கியவன் என்று சொன்னதால்தான் அவள் என் பேச்சை நம்பினாள். அது நான் கட்டிவிட்ட கதை. அங்கே நான் வாசலில் டிக்கெட் கிழித்தவன்.